பழைய காரின் திரையில் உங்கள் போனை வரவைப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியிருக்கிறீர்கள், டேஷ்போர்டில் நல்ல அகலமாக ஒரு திரையும் இருக்கிறது, ஆனால் போனை மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, மேப் திரைக்கு வரவே மாட்டேன் என்கிறது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். புது வண்டி எடுப்பவர்களுக்கு டெலிவரி அன்றே ஷோரூம் பையன் போனை வாங்கி இணைத்துக் கொடுத்துவிடுவார். பழைய வண்டி வாங்குபவர் கைக்குச் சாவியும் ஆர்.சி.யும் வரும், மீதியை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டு வண்டிக்காக நான் அலைந்தபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு கடையில் "செட்டையே மாத்தணும் சார், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள், இன்னொரு இடத்தில் போன் சரியில்லை என்றார்கள். கடைசியில் பார்த்தால் முன்னால் இருந்த யூ.எஸ்.பி. போர்ட் சார்ஜுக்கு மட்டும் உள்ளது, இணைப்புக்கான போர்ட் கைவைக்கும் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. செலவு பூஜ்யம். அதனால் கீழே உள்ள வரிசையைக் காசு செலவாகாததில் தொடங்கி அதிகம் ஆவதில் முடிகிற மாதிரி வைத்திருக்கிறேன், தாண்டிப் போகாமல் அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வண்டியை நிழலாக, திறந்த இடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செய்வதுதான் நல்லது, பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்கார வேண்டாம், அந்தப் புகை உயிரையே வாங்கும். ஓட்டிக்கொண்டே செய்து பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், நிறைய கார்களில் வண்டி நகர்ந்தாலே இணைப்பு மெனு பூட்டிக்கொள்ளும்.

1. திரையில் உண்மையில் என்ன வசதி இருக்கிறது என்று பாருங்கள்

"மொபைல் கனெக்ட் எல்லாம் இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். வெறும் புளூடூத் மட்டும் இருக்கலாம், அதில் அழைப்பும் பாட்டும் வரும், மேப் வராது. இரண்டாவது, மிரர்லிங்க் மாதிரி காலம் முடிந்துபோன ஏதாவது ஒன்று இருக்கலாம், இன்றைய போன்களோடு அது பேசாது, அதை மறந்துவிடுங்கள். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: ஆண்ட்ராய்டு போனுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கு ஆப்பிள் கார்ப்ளே. போனில் உள்ள மேப், பாட்டு, அழைப்பைக் கார் திரைக்குக் கொண்டுவருபவை இவைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? திரையின் முகப்புப் பக்கத்திலோ செட்டிங்ஸிலோ இந்த இரண்டு பெயர்களில் ஒன்றாவது எழுதியிருக்கும், போன் இணைக்காதபோது மங்கலாகத் தெரியும். இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். அது தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடலும் வருடமும் போட்டால் பெரும்பாலும் பி.டி.எப். கிடைக்கும்.

வேரியன்ட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் கீழ் வேரியன்டில் வெறும் புளூடூத் செட் இருக்கும், மேல் வேரியன்டில்தான் கார்ப்ளே இருக்கும். இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. விலை கூடின வேரியன்டில் எல்லாமே கூடுதலாக இருக்கும் என்று நினைப்போம் அல்லவா? 2021, 2022 வாக்கில் வந்த ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றில் நடு வேரியன்டின் 8 அங்குலத் திரையில் வயர் இல்லாமலே ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேவும் வரும், டாப் வேரியன்டின் 10.25 அங்குலத் திரையில் கேபிள் மாட்டினால்தான் வரும். பெரிய திரையைப் பார்த்து மயங்கி, வயர்லெஸ் என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இன்னும் வண்டி வாங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் போனையும் உங்கள் கேபிளையும் கையில் கொண்டு போங்கள். டெஸ்ட் டிரைவ் முடித்து நிறுத்தியதும் மாட்டிப் பாருங்கள், மேப் திரைக்கு வந்த பிறகுதான் விலை பேச வேண்டும். வரவில்லை என்றால் அதைச் சொல்லியே குறைத்துக் கேட்கலாம்.

2. பழைய ஓனரின் சரக்கைக் காலி செய்யுங்கள்

பழைய வண்டியின் செட்டில் முந்தைய ஓனர், அவர் மனைவி, மச்சான், டிரைவர் என்று எல்லோருடைய போனும் பதிந்திருக்கும். இந்தப் பட்டியலில் இத்தனை போன்தான் என்று ஒரு வரம்பு உண்டு. அது நிரம்பியிருந்தால் உங்கள் போனை ஏற்காது, சில செட்களில் ஏன் ஏற்கவில்லை என்ற காரணமும் காட்டாது. ஒவ்வொன்றாக அழிப்பதைவிட முழு ரீசெட் அடிப்பதே மேல். செட்டிங்ஸ், சிஸ்டம், அல்லது ஜெனரல் என்ற பகுதிக்குள் பேக்டரி ரீசெட் இருக்கும். போன்புக், பழைய அழைப்புகள், வீட்டு முகவரி எல்லாம் போய்விடும். அவருடைய நம்பர்கள் உங்கள் வண்டியில் கிடப்பது அவருக்கும் நல்லதில்லை.

ரீசெட் அடித்ததும் தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். பேட்டரி மாற்றின வண்டிகளில் தேதி எங்கோ பின்னால் போய் நின்றிருக்கும். தேதி தப்பாக இருந்தால் சில செட்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோ பிழை காட்டி நின்றுவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு வேலை இருக்கிறது, இதற்கு மட்டும் நாள் பிடிக்கும். வண்டியில் புளூலிங்க், கியா கனெக்ட், சுசுகி கனெக்ட் போன்ற கம்பெனி ஆப் வசதி இருந்தால் அது இன்னும் பழைய ஓனரின் கணக்கில்தான் இருக்கும். அதாவது உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் பார்க்க முடியும். பணம் கொடுத்துச் சாவி வாங்கும் அன்றே, அவரை எதிரில் உட்காரவைத்து ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள். அப்புறம் போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். விட்டுப்போனால் சர்வீஸ் சென்டர் வழியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும், அவர்கள் உங்கள் பெயருக்கு மாறின ஆர்.சி., அடையாள அட்டை, சேசிஸ் நம்பர் கேட்பார்கள். ஆர்.சி. பெயர் மாற்றம் முடியாமல் இது நகராது என்பதால் படிவம் 29, 30 வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கும் கார்ப்ளேவுக்கும் இந்தக் கம்பெனி ஆப் தேவையே இல்லை, அதன் சந்தா முடிந்திருந்தாலும் போன் இணையும். "சந்தா புதுப்பிச்சாதான் மேப் வரும் சார்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

3. போனைத் தயார் செய்யுங்கள்

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆண்ட்ராய்டு ஆட்டோ போனிலேயே இருக்கிறது, தனியாக இறக்க வேண்டாம். ஆப் பட்டியலில் ஐகான் இருக்காது, அதைப் பார்த்துத்தான் பலர் "என் போன்ல இல்லையே" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் இடத்தில் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று அடியுங்கள், வந்துவிடும். வயர் இல்லாமல் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைபையைத் தாங்க வேண்டும். ரொம்பக் குறைந்த விலைப் போன்கள் சிலவற்றில் 2.4 மட்டுமே இருக்கும், வாங்கின பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பிளே ஸ்டோரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கூகுள், மேப்ஸ், கூகுள் பிளே சர்வீசஸ் நான்கையும் அப்டேட் செய்துவிடுங்கள். இதை வீட்டு வைபையிலேயே முடித்துவிட்டுக் கீழே இறங்குவது நல்லது.

ஐபோனில் வேலை குறைவு. குரலுக்குப் பதில் சொல்லும் சிரி ஆன் ஆகியிருக்க வேண்டும், அது இல்லாமல் கார்ப்ளே வராது. அப்புறம் ஸ்கிரீன் டைமில் குழந்தைகளுக்காக ஏதாவது கட்டுப்பாடு போட்டு வைத்திருந்தால் அங்கே அனுமதித்த ஆப்கள் பட்டியலில் கார்ப்ளே அணைந்திருக்கிறதா பாருங்கள். பிள்ளைக்காக என்றோ போட்ட பூட்டு இது என்று யாருக்குமே தோன்றாது.

4. கேபிள், போர்ட்: முக்கால்வாசிப் பிரச்சினை இங்கேதான்

சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். கேபிளுக்குள் மின்சாரத்துக்குத் தனிக் கம்பி, டேட்டாவுக்குத் தனிக் கம்பி. சிக்னலில் விற்கும் நூறு ரூபாய் கேபிள்களிலும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கேபிள்கள் பலவற்றிலும் டேட்டாக் கம்பியே கிடையாது. சோதிப்பது சுலபம்: அதே கேபிளில் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள், போட்டோக்களைப் பார்க்க முடிந்தால் டேட்டா போகிறது, இல்லையென்றால் அந்தக் கேபிளை வீட்டில் சார்ஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா போகிற கேபிளாக இருந்தாலும் நீளம் முக்கியம். ஒரு மீட்டருக்குள் இருக்கும் நல்ல கேபிளைத்தான் கூகுளும் சொல்கிறது, நடுவில் ஹப், எக்ஸ்டென்ஷன் எதுவும் கூடாது. பின் சீட்டுக்கும் எட்டட்டும் என்று இரண்டு மீட்டர் வாங்கினால், மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் துண்டித்துத் துண்டித்து வரும். நல்ல பிராண்ட் கேபிள் 300 முதல் 800 ரூபாய்க்குள் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்த முழு வேலையிலும் ஆகும் ஒரே செலவு இதுதான். வாங்கும்போது காரில் இருப்பது பழைய அகலமான போர்டா, சின்ன சி வகையா என்று பார்த்து வாங்குங்கள். ஐபோன் 15லிருந்து போனிலும் சி வகைதான், ஆனால் பழைய கார்களில் பெரும்பாலும் அகலமான போர்ட், எனவே ஒரு முனை அது, மறுமுனை இது என்று வேண்டும். மாற்று முனை மாட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அதுவே தளர்ந்து தனிப் பிரச்சினையாகும்.

அடுத்து போர்ட். காரில் இரண்டு மூன்று யூ.எஸ்.பி. போர்ட் இருந்தாலும் திரையோடு பேசுவது பெரும்பாலும் ஒன்றுதான். அதன் அருகில் போன் படமோ, கார்ப்ளே குறியோ, மூன்று கிளை பிரியும் யூ.எஸ்.பி. குறியோ இருக்கும். மின்னல் குறியோ பேட்டரிப் படமோ மட்டும் போட்டிருந்தால் அது சார்ஜுக்கு. கியர் முன்னால், கைவைக்கும் பெட்டிக்குள், கிளவ் பாக்ஸ் உள்ளே என்று எல்லா இடத்திலும் கையை விட்டுத் தேடுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சார்ஜரில் ஒருபோதும் வராது.

போனின் சார்ஜிங் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூலும் தூசியும் உள்ளே அமுங்கி, கேபிள் முழுதாக உட்காராமல் இருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி போடாதீர்கள்.

5. முதல் இணைப்பு, கேபிளோடு

வண்டியில் வயர்லெஸ் இருந்தாலும் முதலில் கேபிளில் செய்துவிடுங்கள், எங்கே கோளாறு என்று பிரித்துப் பார்க்க இதுதான் வசதி. போனின் பூட்டைத் திறந்து, திரை எரிந்துகொண்டிருக்கும்போதே மாட்டுங்கள். கார் திரையிலும் போன் திரையிலும் மாறி மாறிக் கேள்விகள் வரும், எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுங்கள். தொடர்புகள், அழைப்பு, இருப்பிடம், அறிவிப்புகள் என்று அது கேட்பதில் எதையாவது மறுத்தால் பின்னால் அதே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். "தெரியாம பர்மிஷன் குடுக்கக் கூடாது" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது சரிதான், இங்கே மட்டும் அனுமதி தேவை.

ஆண்ட்ராய்டில் கேபிள் மாட்டியதும் அறிவிப்புப் பட்டையில் யூ.எஸ்.பி. பற்றி ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, சார்ஜ் மட்டும் என்றிருந்தால் பைல் டிரான்ஸ்பர், ஆண்ட்ராய்டு ஆட்டோ என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். கேபிளில் இருந்தாலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் அழைப்புகள் புளூடூத் வழியாகத்தான் போகும், அதனால் புளூடூத்தை அணைக்காதீர்கள். மேப் வருகிறது, பாட்டு வருகிறது, போன் பேசினால் மட்டும் காரில் சத்தம் இல்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான். கார்ப்ளே கேபிளில் இருக்கும்போது இந்தத் தொல்லை கிடையாது.

பூட்டின நிலையிலும் தொடங்கலாமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் போனைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

6. வயர் இல்லாமல்

கார் வயர்லெஸ்ஸைத் தாங்குகிறது என்று உறுதியானால் போனில் வைபை, புளூடூத், இருப்பிடம் மூன்றையும் ஆன் செய்யுங்கள். புளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு, படம் அனுப்புவதை வைபையில் செய்வதுதான் இதன் வழி. பேட்டரியை மிச்சப்படுத்த வைபையை அணைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதனால்தான் வராது. இந்த வைபை போனுக்கும் திரைக்கும் நடுவில் மட்டும் ஓடுவது, மேப்புக்கும் பாட்டுக்கும் வழக்கம்போல சிம் டேட்டாதான் செலவாகும்.

கார் புளூடூத் மெனுவில் புதுச் சாதனம் சேர்க்கவும், போனில் கார் பெயரைத் தொடவும், இரண்டிலும் ஒரே எண் வருகிறதா பார்த்துச் சரி சொல்லவும். ஐபோனுக்கு ஸ்டீயரிங்கில் உள்ள குரல் பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் தொடங்கும், இல்லையென்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கார்ப்ளே என்று போங்கள். கேபிளில் ஏற்கெனவே இணைத்திருந்தால் அடுத்த முறை வயர்லெஸ் வேண்டுமா என்று பெரும்பாலும் அதுவே கேட்கும்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். வயர்லெஸ்ஸில் போன் சூடாகும், பேட்டரியும் வேகமாக இறங்கும். மே மாதம், மதிய வெயில், போன் வயர்லெஸ் சார்ஜிங் தட்டின் மேல் என்றால் சூட்டில் போன் சார்ஜை நிறுத்திக்கொள்ளும், சில நேரம் மேப்பும் திக்கும். நீண்ட பயணத்துக்கு நான் இன்றும் கேபிள்தான். கடைக்குப் போய்வரும் தூரத்துக்கு வயர்லெஸ் சுகம்.

7. இன்னும் வரவில்லையா?

வி.பி.என்., அதாவது போனின் இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப், ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். அலுவலக வேலைக்காகப் போட்ட வி.பி.என்., விளம்பரம் தடுக்கும் ஆப், இவை வயர்லெஸ் இணைப்பைப் பல நேரம் சத்தமில்லாமல் கெடுக்கும். அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்கள் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களைக் கொன்றுவிடும். பத்து நிமிடம் ஓடி மேப் மறைகிறது என்றால் அநேகமாக இதுதான். ஆண்ட்ராய்டு ஆட்டோ, மேப்ஸ் இரண்டுக்கும் பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள்.

அதிலும் ஆகவில்லை என்றால் இரண்டு பக்கமும் மறக்கச் செய்யுங்கள். போனின் ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் முன்பு இணைத்த கார்கள் என்ற பகுதியில் எல்லாவற்றையும் நீக்குங்கள், அங்கேயே புதுக் கார்களைச் சேர்க்கும் தேர்வு ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஐபோனில் கார்ப்ளேவுக்குள் போய்க் கார் பெயரைத் தொட்டு மறக்கச் சொல்லுங்கள். கார் பக்கமும் போனை அழித்துவிட்டு, இரண்டையும் அணைத்துப் போட்டு, ஐந்தாம் படியிலிருந்து மறுபடி. ஒரு பக்கம் மட்டும் அழிப்பது பிரயோஜனமில்லை. முடிந்தால் வேறொருவர் போனை மாட்டிப் பாருங்கள். அது வந்துவிட்டால் கோளாறு உங்கள் போனில், வராவிட்டால் காரில். கடைக்குப் போகும் முன் இந்தப் பதில் கையில் இருந்தால் உங்களிடம் கதை விட முடியாது.

8. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது

செட்டின் மென்பொருள் பழசாக இருந்து புதுப் போன்களை ஏற்காமல் போவது உண்டு. அப்டேட்டைச் சில கம்பெனிகள் இணையதளத்திலேயே கொடுக்கின்றன, பென் டிரைவில் இறக்கி நாமே ஏற்றலாம். சிலவற்றுக்கு சர்வீஸ் சென்டர்தான் வழி. எதுவானாலும் செட்டிங்ஸில் உள்ள மென்பொருள் எண்ணை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த பிறகு அந்த எண் மாறியிருக்கிறதா என்று பார்க்க. அப்டேட் ஓடும்போது எஞ்சினை அணைக்கவோ பென் டிரைவைப் பிடுங்கவோ கூடாது, செட் செத்துப்போனால் மாற்றும் செலவு உங்கள் தலையில்.

கொண்டு போக வேண்டியவை: ஆர்.சி. நகல், சேசிஸ் நம்பர், வாரண்டி மிச்சமிருந்தால் சர்வீஸ் வரலாறு, உங்கள் போன், உங்கள் கேபிள். கடைசி இரண்டும் இல்லாமல் போனால் அவர்கள் போனில் வேலை செய்வதைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். வழக்கமான சர்வீஸோடு சேர்த்துச் சொன்னால் சில இடங்களில் இதற்குத் தனியாக வாங்குவதில்லை. ஜாப் கார்டில் "இன்போடெயின்மென்ட் செக்" என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள், "ஆண்ட்ராய்டு ஆட்டோ கேபிளில் வரவில்லை, வேறு போனிலும் வரவில்லை" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் இதை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், வார நாளில் காலையில் போங்கள்.

9. டாங்கிள் வாங்கலாமா?

கேபிளில் ஒழுங்காக வருகிறது, வயர்லெஸ் மட்டும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் டாங்கிள். காரின் யூ.எஸ்.பி. போர்டில் மாட்டினால் அது கேபிள் இணைப்பை வயர்லெஸ்ஸாக மாற்றிக் கொடுக்கும். கேபிளிலேயே வராத காரில் இதை மாட்டியும் பயன் இல்லை, வெறும் புளூடூத் செட்டில் மாட்டினால் எதுவும் நடக்காது. விளம்பரத்தில் இதைச் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள்.

பெயர் தெரியாதவை இரண்டாயிரத்திலிருந்து கிடைக்கின்றன, கொஞ்சம் பெயர் உள்ளவை ஆறு, எட்டாயிரம் வரை போகும். திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் எந்த டாங்கிள் எந்தக் காரோடு ஒத்துப்போகும் என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆண்ட்ராய்டுக்கு மட்டும், ஐபோனுக்கு மட்டும், இரண்டுக்கும் என்று மூன்று வகை உண்டு, வீட்டில் இருவரும் ஓட்டுவதாக இருந்தால் கவனம். வண்டியை எடுத்த பிறகு இணைய அரை நிமிடம் வரை ஆகும், பாட்டை மாற்றினால் ஒரு நொடி தாமதம் தெரியும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் யூ.எஸ்.பி. போர்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் இருக்கும். நீங்கள் மாடிக்குப் போயிருப்பீர்கள், போன் இன்னும் கீழே நிற்கும் காரோடு பேசிக்கொண்டிருக்கும், அப்போது வரும் அழைப்பில் உங்கள் மனைவியின் குரல் காலிக் காரில் ஒலிக்கும்.

10. செட்டையே மாற்றுவதென்றால்

வெறும் புளூடூத் செட், அல்லது திரையே இல்லாத வண்டி என்றால் இது நியாயமான செலவு. அதிலும், பாட்டும் அழைப்பும் போதும் என்றால் மாற்றவே வேண்டாம், ஒரு நல்ல போன் ஹோல்டரும், ஆக்ஸ் துளையில் மாட்டும் புளூடூத் ரிசீவரும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, நாலு கடை ஏறி இறங்கினால் விலை தெரிந்துவிடும். அங்கே "ஆண்ட்ராய்டு செட்" என்று காட்டுவது வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு. முதலாவது டேப்லெட் மாதிரி தன்னுள்ளேயே ஆண்ட்ராய்டு ஓடும் சீனச் செட், ஏழெட்டாயிரத்திலிருந்து தொடங்கும், மேப் பார்க்க அதற்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட் வேண்டும். அதில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேவும் தனி ஆப் வழியாக வரலாம், வராமலும் இருக்கலாம், கடையில் வைத்தே உங்கள் போனில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரேம் 2 ஜி.பி. என்று விற்பது ஒரு வருடத்தில் தவழும், 4 ஜி.பி.க்குக் குறைந்து எடுக்காதீர்கள். பயனியர், சோனி போன்றவற்றின் செட்கள் பதினைந்திலிருந்து முப்பதாயிரம் வரை போகும், வசதி குறைவாகத் தெரியும், ஆனால் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஒழுங்காக ஓடும். என் ஓட்டு இதற்குத்தான்.

பேரம் பேசும்போது செட் விலையை மட்டும் பேசாதீர்கள். உங்கள் காருக்கான பிரேம், கப்ளர் (வயரை வெட்டாமல் மாட்டும் பிளக்), ஸ்டீயரிங் பொத்தான்கள் வேலை செய்ய வேண்டிய கேன்பஸ் பெட்டி, பழைய ரிவர்ஸ் கேமராவை இணைப்பது, பொருத்தும் கூலி, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். கப்ளர் போட்டு மாட்ட வேண்டும், வயரை வெட்டி டேப் சுற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள், பக்கத்தில் நின்றும் பாருங்கள். வயரை வெட்டினால் அந்தப் பக்கத்து மின்சாதன வாரண்டி போச்சு, பின்னால் ஏதாவது கருகினால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அங்கேயே ஒருவருக்கு போன் போட்டு உங்கள் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள், மைக்கை ஒப்புக்கு எங்கேயாவது சொருகிவிடுவார்கள். ஓடும்போதும் படம் தெரிகிற மாதிரி ஹேண்ட் பிரேக் வயரை மாற்றித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பில்லும், சீரியல் நம்பர் எழுதின வாரண்டி அட்டையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். வெளியில் போட்ட செட் உங்கள் இன்சூரன்ஸில் தானாகச் சேராது. புதுப்பிக்கும்போது மின் சாதனத் துணைப்பொருள் என்று மதிப்பைச் சொல்லிச் சேர்க்க வேண்டும், வழக்கமாக அந்த மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் கூடும். 20,000 ரூபாய் செட்டுக்கு 800 ரூபாயும் வரியும். அப்போது கேட்பது அந்த பில்லைத்தான். பழைய கம்பெனி செட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், வண்டியை விற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

11. சாலையில் இறங்கியதும்

திரை வந்துவிட்டது என்பதற்காக ஓட்டிக்கொண்டே எழுத்து அடிக்காதீர்கள். போகும் இடத்தைக் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள், நடுவில் மாற்ற வேண்டுமென்றால் குரலில் சொல்லுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184இன்படி முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது, மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் அபராதம் 10,000 ஆகும்.

மேப் குரலைத் தமிழுக்கு மாற்றலாம். போனில் மேப்ஸ் செட்டிங்ஸில் குரல் தேர்வு என்ற இடத்தில் தமிழ் இருக்கிறது. பின்னால் உட்காரும் அப்பா அம்மாவுக்கும் எங்கே திரும்பப் போகிறோம் என்று புரியும், வழி சொல்லும் சண்டை பாதி குறையும்.

மலைக்குப் போவதாக இருந்தால் அந்தப் பகுதி மேப்பை வீட்டு வைபையில் ஆப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கார் திரையிலும் அது வேலை செய்யும். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் டவர் எங்கே விடும் என்று சொல்ல முடியாது. டவர் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி போனைக் கழற்றினாலோ மேப்பை மூடினாலோ, இறக்கி வைக்காத வழியை மறுபடி தேடி எடுக்க அதனால் முடியாது.